கடலில் விட்டது கரைந்து போகவில்லை

(மழைக்கு முன்னால் நாலாக்களில் தூர்வாரும் வேலை தொடங்கிய வாரத்தில், மும்பையில் நடந்த நமது சங்க மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)

போன கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "என் மகன் நாலா தூர்வாரக் கூலிக்குப் போகிறான். முழங்கால் வரைக்கும் சேறு. வீட்டுக்கு வந்தால் கால் முழுக்க அரிப்பு. அந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?" இது முதல் கேள்வி. "கழியில் பிடித்த நண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிச் சமைக்கலாமா, கூடாதா?" இது இரண்டாவது கேள்வி.

தலைவர் என் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருஷம் ஒரு இரசாயன ஆலையில், அதுவும் கழிவுநீர்ப் பிரிவில், வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றைக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டேன். படித்தேன், படித்தவர்களையும் போய்க் கேட்டேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். கடைசியில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயம் ஆகாது.

தோழர்களே, நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போன ஒரு நம்பிக்கை உண்டு. ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், கடல் பெரியது, அதில் எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை. நம் ஊர் ஆற்றில் துணி துவைத்தோம், மாடு குளிப்பாட்டினோம். மறுநாள் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. சாணமும் அழுக்கும் மக்கிப்போகும் பொருள்கள். அவற்றைத் தின்று தீர்க்க ஆற்றிலே கிருமிகள் இருக்கின்றன. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் ஆலைக் கழிவையும் நாம் எடை போடுகிறோம். ஆலை முதலாளியும் இதையேதான் நமக்குச் சொல்கிறான்.

ஆனால் மக்காத பொருள்கள் இருக்கின்றன. பாதரசம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை எந்தக் கிருமியாலும் தின்று அழிக்க முடியாது. டி.டி.டி. போன்ற பூச்சி மருந்துகளும், மின்மாற்றி எண்ணெயில் ஒரு காலத்தில் சேர்த்துவந்த பி.சி.பி. என்னும் இரசாயனமும் சிதைவதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இவை தண்ணீரோடு போவதில்லை. எங்கே போகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

மினமாட்டா

ஜப்பான் நாட்டின் தெற்கே, கியூஷு தீவில், மினமாட்டா என்று ஒரு சிறிய ஊர். ஊருக்கு முன்னால் அமைதியான ஒரு விரிகுடா. அதன் கரையிலே சிஸ்ஸோ என்ற நிறுவனத்தின் இரசாயன ஆலை. 1932ஆம் ஆண்டு முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற பொருளைத் தயாரித்தார்கள். அந்தத் தயாரிப்பில் பாதரசத்தைக் கிரியா ஊக்கியாகப் பயன்படுத்தினார்கள். அப்போது பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாறியது. அந்தக் கழிவு வாய்க்கால் வழியே விரிகுடாவில் விழுந்தது.

முதலில் மீன்கள் மிதந்தன. பிறகு பூனைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. வட்டம் சுற்றி ஆடி விழுந்து செத்தன. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது. சில நாளில் அவள் தங்கைக்கும் அதே நிலை. அந்த ஆண்டு மே 1ஆம் தேதி, ஆலை மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹோசோகாவா சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கை கொடுத்தார். நாம் மே தினம் கொண்டாடுகிற அந்த நாள்தான் மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான நாள்.

நோய் கண்டவர்கள் யார்? ஏழை மீனவர்கள். அவர்களில் பலர் எதிரே இருக்கும் அமாகுசா தீவுகளிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள். ஊரில் செல்வாக்கு இல்லாதவர்கள். தொற்றுநோய் என்று சொல்லி அவர்கள் வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள். கடைக்குப் போனால் அவர்கள் கொடுக்கும் காசைக் கையால் தொடாமல் குச்சியால் வாங்கினார்கள். பிழைக்க வந்த இடத்தில் அழுக்கு என்று ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காரணம் கரிமப் பாதரசம் என்று அறிவித்தார்கள். ஆலையின் வடிகால் வாயருகே சேற்றை எடுத்துச் சோதித்தார்கள். பத்து லட்சத்தில் 2,010 பங்கு பாதரசம் இருந்தது. நம் கணக்கில் சொன்னால், ஒரு டன் சேற்றில் இரண்டு கிலோ பாதரசம். வெளியே கொட்டி வீணாக்கிய பாதரசம் எல்லாம் கடலில் கரைந்துவிடவில்லை. வாசலிலேயே படுத்திருந்தது.

நிர்வாகம் என்ன செய்தது? 1958 செப்டம்பரில் வடிகாலை விரிகுடாவிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பியது. அங்கே ஓட்டம் அதிகம், நஞ்சு கலைந்துபோகும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது என்ன? நோய் அடுத்த கரைக் கிராமங்களுக்கும் பரவியது. இதற்கிடையில் டாக்டர் ஹோசோகாவா, ஆலைக் கழிவையே சோற்றில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. சோதனையை நிறுத்தச் சொல்லி, முடிவை வெளியே விடாமல் நிர்வாகம் மூடிவைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின், 1970இல், மரணப் படுக்கையிலிருந்து அந்த மருத்துவர் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகுதான் வழக்கு மன்றத்தில் உண்மை ஏறியது.

1959 டிசம்பரில் ஒரு சுத்திகரிப்புக் கருவியை நிறுவி, இனிப் பயமில்லை என்றார்கள். வெளியே வந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கருவி கரிமப் பாதரசத்தைப் பிரித்தெடுக்க ஏற்பட்டதே அல்ல. அதே டிசம்பரில் நோயாளிகளோடு ஒரு ஒப்பந்தமும் போட்டார்கள். இறந்தவருக்கு மூன்று லட்சம் யென் அனுதாபத் தொகை. நாளைக்கு ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று அதில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பசித்த மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1973 மார்ச்சில் குமமோட்டோ வழக்கு மன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தூக்கி எறிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தாய்மார்களே. அந்தக் காலத்தில் மருத்துவர்கள், தாயின் கருப்பை எந்த நஞ்சையும் உள்ளே விடாது என்று நம்பினார்கள். ஆனால் பெரிதாக நோய் இல்லாத தாய்மாருக்குக் கைகால் இழுத்துக்கொண்ட, பேச்சு வராத குழந்தைகள் பிறந்தன. தாய் உண்ட மீனின் நஞ்சு பிள்ளைக்குப் போயிருந்தது. 1962இல்தான் இது மினமாட்டா நோய் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். அந்தக் கொடிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது அவற்றிலும் பாதரசம் இருந்தது.

சேற்றிலிருந்து சோற்றுக்கு

தோழர்களே, இந்த நஞ்சு எப்படி இவ்வளவு சேர்ந்தது? இதைப் புரிந்துகொண்டால் மினமாட்டா மட்டுமல்ல, நம் நாலாவும் புரியும்.

முதல் படி, சேறு. இந்த நஞ்சுகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. தண்ணீரில் மிதந்துவரும் நுண்ணிய களிமண் துகளோடும், அழுகிய இலை தழைத் துகளோடும் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் வேகமாக இருக்கிற வரை துகள் போகும். ஓட்டம் தளர்ந்த இடத்தில் அடியில் உட்காரும். ஆற்று நீர் கடலின் உப்பு நீரைச் சந்திக்கும் இடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு இன்னும் சீக்கிரம் படியும். அதனால்தான் முகத்துவாரமும், உப்பங்கழியும், அலையாத்திக் காட்டுச் சேறும் நஞ்சுக்குக் களஞ்சியம் ஆகின்றன. கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். ஆனால் படிந்த சேறு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

விஞ்ஞானிகள் ஒரு நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, கரும்புத் துண்டு போல ஒரு தூணாக மேலே எடுக்கிறார்கள். மேல் அடுக்கு இந்த ஆண்டு, கீழே போகப் போகப் பழைய ஆண்டுகள். எந்தக் காலத்தில் எந்த நஞ்சு எவ்வளவு வந்தது என்று வரிசையாகப் படிக்கிறார்கள். ஆலையின் கணக்குப் புத்தகத்தைத் திருத்தி எழுதலாம். இதைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

இரண்டாவது படி, சேற்றில் வாழும் கிருமிகள். காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் இருக்கும் சில நுண்ணுயிர்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. மினமாட்டாவில் ஆலையே அந்த நஞ்சை நேராகக் கொட்டியது. மற்ற இடங்களில் சாதாரணப் பாதரசத்தைக் கொட்டினால் போதும், மிச்ச வேலையைச் சேறு பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது படி, உணவுச் சங்கிலி. சேற்றைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் நண்டு, நண்டையும் சிறு மீனையும் தின்னும் பெரிய மீன், பெரிய மீனைத் தின்னும் பறவையும் மனிதனும். தின்ற உணவு செரித்துப் போகிறது. நஞ்சோ வெளியேறாமல் தங்குகிறது. பாதரசம் தசையில் தங்கும், டி.டி.டி.யும் பி.சி.பி.யும் கொழுப்பில் தங்கும். புழு ஒரு பைசா சேர்த்தால், ஆயிரம் புழுவைத் தின்ற மீனிடம் ஆயிரம் பைசா. வட்டிக்காரன் கணக்குதான் இது. அடியில் இருப்பவனிடம் சில்லறையாக இருப்பது மேலே போகப் போகப் பெருந்தொகை ஆகிறது.

எவ்வளவு பெருகும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி. அங்கே கொசு போன்ற ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் பங்காளியான ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்தார்கள். பல கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. இவ்வளவு கொஞ்சம் யாரை என்ன செய்யும் என்றார்கள். ஏரியின் மீன்கொத்தி வாழும் முக்குளிப்பான் வகைப் பறவைகள் செத்து விழுந்தன. சோதித்துப் பார்த்தால், தண்ணீரில் இருந்ததைவிட 250 மடங்கு நுண்ணுயிரிகளில் இருந்தது. பறவையின் கொழுப்பில் 80,000 மடங்கு இருந்தது. ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் 1962இல் இதைத் தம் நூலில் எழுதிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

இதிலிருந்து தொழிலாளி ஒருவன் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆலை அதிகாரி எப்போதும் "ஒரு லிட்டருக்கு இவ்வளவுதான்" என்று சொல்வார். லிட்டருக்கு எவ்வளவு என்பது கண்கட்டு. மக்காத நஞ்சு விஷயத்தில் "மொத்தம் எத்தனை கிலோ வெளியே போனது?" என்றுதான் கேட்க வேண்டும். பத்துக் குடம் நல்ல தண்ணீரைக் கலந்தால் லிட்டர் கணக்கு குறைந்துவிடும். கிலோ கணக்கு ஒரு குன்றிமணி கூடக் குறையாது.

நான் திறந்த வால்வு

இது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பத்துக் குடத்தைக் கலந்தவன் நான்.

நான் பத்தொன்பது வயதில் திருநெல்வேலியிலிருந்து வந்தேன். கழிக்கரையில் ஒரு சாய ஆலையில் வேலை கிடைத்தது. அந்த ஆலை இன்று இல்லை, பெயரும் வேண்டாம். கழிவுநீர்ப் பிரிவில் என்னைப் போட்டார்கள். தொட்டியில் கழிவைத் தேக்கி, சுண்ணாம்பு போட்டுப் படியவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் விட வேண்டும் என்பது விதி. அடியில் படிகிற கறுப்புச் சேற்றைத் தனியாக எடுத்துக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். அதற்குச் செலவு ஆகும். ஆகவே எங்கள் மேலாளர் வேறொரு விதி வைத்திருந்தார். "வற்றம் தொடங்கும் நேரம் பார்த்து, ராத்திரி அடி வால்வைத் திற. காலைக்குள் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும்." மழைக்காலம் என்றால் ராத்திரி வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரியத்திலிருந்து சோதிக்க ஆள் வருகிறார் என்றால் முன்கூட்டியே தகவல் வரும். ஆழ்குழாய்த் தண்ணீரைத் திறந்து விடுவேன். அவர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். கணக்கு சரியாக இருக்கும்.

எத்தனை ராத்திரி அந்த வால்வைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. காலையில் போய்ப் பார்ப்பேன். கழி சாதாரணமாகத்தான் இருக்கும். போய்விட்டது என்று நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. வடிகால் வாய்க்கு இருநூறு அடி தள்ளிக் கோலி மீனவப் பெண்கள் வற்றத்தில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி நண்டும் நிவ்டி மீனும் பிடிப்பார்கள். அதில் ஒரு மூதாட்டி எனக்குச் சில நாள் நண்டு கொடுத்திருக்கிறார். நான் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் கொடுத்திருக்கிறேன். என் மனைவி சமைத்தாள். என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

யூனியனில் இதைப் பற்றி ஒருமுறைகூட நான் வாய் திறக்கவில்லை. போனஸுக்குப் பேசினோம், பஞ்சப்படிக்குப் பேசினோம். வால்வைப் பற்றிப் பேசினால் ஆலையை மூடிவிடுவார்கள், ஊரிலிருந்து வந்தவன் எங்கே போவது என்ற பயம். அந்தப் பயம் பொய்யான பயம் அல்ல. இன்று உங்களில் பலருக்கும் அது இருக்கிறது.

மினமாட்டாத் தொழிலாளர்களுக்கும் இதே பயம் இருந்தது. 1959 நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து போராடியபோது, கழிவை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஊரே அழியும் என்று மாகாண ஆளுநரிடம் மனுக் கொடுக்கப் போனவர்களில் ஆலைத் தொழிற்சங்கமும் ஒன்று. மூன்று ஆண்டு கழித்து 1962இல் அதே நிர்வாகம் தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. சம்பளப் பிரச்சினையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு போட்டிச் சங்கத்தை உண்டாக்கி யூனியனை உடைத்தார்கள். அடிபட்டபோதுதான் அவர்களுக்கு மீனவர்கள் பட்ட அடி விளங்கியது. 1968 ஆகஸ்டில் பழைய யூனியன் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மினமாட்டா நோயை எதிர்த்து இதுவரை போராடாமல் இருந்தது மனிதர்களாகவும் தொழிலாளர்களாகவும் எங்களுக்கு வெட்கம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். வரலாற்றில் அதை வெட்கத் தீர்மானம் என்றே அழைக்கிறார்கள். பிறகு அந்தத் தொழிலாளர்கள் நோயாளிகள் பக்கம் நின்றார்கள், ஆலைக்குள் நடந்ததைச் சாட்சி சொன்னார்கள்.

அந்தத் தீர்மானத்தைப் பற்றி நான் சென்ற மாதம்தான் படித்தேன். படித்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை. என் வெட்கத்தை இந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

தொழிலாளி மட்டும் தப்பினானா?

வேலையைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டவனை நஞ்சு விட்டுவைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. நம் கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மூடிய ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980களில் அங்கே வந்து இறங்கின. இந்துஸ்தான் லீவர் நடத்தியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப நேர்ந்தது. தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! ஆலை போனது, வேலை போனது. நஞ்சும் நோயும் தொழிலாளியிடம் தங்கின.

ஜப்பானில் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். 1968 மே மாதம் ஆலை அந்த முறையில் தயாரிப்பதை நிறுத்தியது. அதற்குள் 70 முதல் 150 டன் வரை பாதரசம் கடலுக்குப் போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நிறுத்திய பின்னும் சேறு சும்மா இருக்கவில்லை. நஞ்சுண்ட மீன் வெளியே போகாமலிருக்க 1974இல் விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். 1977இல் தொடங்கி 1990 வரை, ஒரு டன்னுக்கு 25 கிராமுக்கு மேல் பாதரசம் இருந்த 15 லட்சம் கன மீட்டர் சேற்றை உறிஞ்சியும் மூடியும் அடக்கினார்கள். கடலில் 58 ஹெக்டேர், அதாவது சுமார் 143 ஏக்கர், நிலமாயிற்று. செலவு 4,850 கோடி யென். 1997இல்தான் வலையை எடுத்தார்கள். திறந்துவிட ஒரு நிமிஷம். அள்ளி முடிக்க ஒரு தலைமுறை. 2004இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், 1959க்குப் பிறகும் தடுக்காமல் இருந்த அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது.

நம் நாலாவும் நம் தட்டும்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

மித்தி ஆறு விகார், பவாய் ஏரிகளின் உபரி நீராகப் புறப்பட்டு, வழியெல்லாம் பட்டறை, சாக்கடை, சலவைக் கழிவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மாகிம் கழியில் விழுகிறது. அந்தப் பக்கம் தானே கழி, அதன் கிழக்குக் கரையில் 1960களிலிருந்து இரசாயன ஆலைகள் நிறைந்த தானே-பேலாப்பூர் தொழிற்பேட்டை. இவற்றின் சேற்றில் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாராவியில் தோல் பதனிட்டவர்களில் நம் திருநெல்வேலிச் சீமை மக்கள் எத்தனை பேர்! தோல் பதனிடும் குரோமியமும் இப்படிச் சேற்றில் படிகிற உலோகம்தான். 2005 ஜூலை 26இல் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊர் மூழ்கிய பிறகு, தூர்வாரல் ஒவ்வோர் ஆண்டும் பெரிய காண்டிராக்ட் ஆகிவிட்டது. தூர்வாராமல் இருக்க முடியாது. வாராவிட்டால் முதலில் மூழ்குவது நம் ஜோப்படாதான். ஆனால் தூர்வாரும்போது பல ஆண்டு படிந்ததை நாம் கிளறுகிறோம். ஆகவே எப்படி வாருகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்பது நம் பிரச்சினை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முழங்கால் பூட்ஸும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். கொடுக்க வேண்டியது காண்டிராக்டரின் கடமை. உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது. காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். கை கழுவாமல் பீடி பிடிக்காதீர்கள், டீ குடிக்காதீர்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துக் காயவைத்தால், அது தூசியாகி வீட்டுக்குள் வரும், மழையில் கரைந்து மறுபடி நாலாவுக்கே போகும். குழந்தைகளை அதன் மேல் விளையாட விடாதீர்கள்.

தாய்மார்களுக்குச் சொல்கிறேன். மீனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழைக்குக் கிடைக்கும் நல்ல உணவு மீன்தான். மத்தி, நெத்திலி போன்ற கடல் சிறு மீன்கள் கொஞ்ச காலமே வாழ்பவை, சங்கிலியில் கீழே இருப்பவை. அவற்றில் நஞ்சு குறைவு. சுறா போன்ற, மற்ற மீனைத் தின்று பல வருஷம் வாழும் பெரிய மீன்களைக் கருவுற்ற பெண்களும், பால் கொடுக்கும் தாய்மாரும், சிறு பிள்ளைகளும் தவிர்க்க வேண்டும். ஆலை வடிகாலுக்கும் நாலா வாய்க்கும் பக்கத்துச் சேற்றில் பிடித்த நண்டு, மட்டி வேண்டாம். நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்தால் போய்விடும் என்று எண்ணாதீர்கள். பாதரசம் தசையோடு கலந்தது. கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது.

ஆனால் இதோடு நிறுத்தினால், நஞ்சு வைத்தவனை விட்டுவிட்டு உண்டவனுக்குப் புத்தி சொன்னதாக ஆகிவிடும். கழியில் பிடித்து விற்கும் கோலிப் பெண் நமக்கு எதிரி அல்ல. முதலில் நஷ்டப்பட்டவள் அவள்தான்.

ஆகவே மூன்று காரியங்களை இந்தக் கூட்டம் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: நம் பகுதியில் வாரிய சேற்றை எங்கே கொட்டுகிறார்கள், கொட்டுவதற்கு முன் சோதித்தார்களா என்று மாநகராட்சியிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்போம். குடியிருப்புப் பக்கத்தில் கொட்டக் கூடாது என்று கேட்போம்.

இரண்டு: 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, எந்த ஆலைக்கு எந்த நிபந்தனையில் கழிவு விட அனுமதி என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்த வடிகாலால் பாதிக்கப்படும் எவரும் அதைப் போய்ப் பார்க்கலாம். இது சட்டம் தந்த உரிமை. மராத்தி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால் போதாது, வடிகால் வாய்ச் சேற்றையும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மனுக் கொடுப்போம்.

மூன்று: இன்றைக்கு ஆலைகளில் வால்வுக்குப் பக்கத்தில் நிற்கும் தோழர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். தனியாகப் பேசினால் வேலை போகும். அது எனக்குத் தெரியும். சங்கத்திடம் வந்து சொல்லுங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை மணி திறந்திருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெயர் வெளியே வராமல் கொண்டுபோக வேண்டியது சங்கத்தின் வேலை. மீனவர் சங்கத்தையும் கலந்துகொள்வோம். மினமாட்டாவில் மீனவனும் தொழிலாளியும் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவை குழந்தைகள்.

பாதரசம் பற்றிய உலக ஒப்பந்தம் ஒன்று 2013இல் ஏற்பட்டது. அதற்கு மினமாட்டா என்றே பெயர் வைத்தார்கள். இந்தியாவும் 2018இல் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது. அது நம் நாலா வரைக்கும் வர வேண்டுமானால், நாம்தான் கேட்க வேண்டும்.

அம்மா, உங்கள் மகனுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுக்க நாளைக் காலையில் நானும் காண்டிராக்டரிடம் வருகிறேன். எட்டு மணிக்கு நாலா பாலத்தில் நிற்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.